டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனில் லெவோ கலந்திருந்தால் கண்டுபிடிப்பது எப்படி?

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருமல் மருந்து. அதன் ஆடிப்பிம்பமான லெவோமெத்தார்ஃபனை (சுருக்கமாக லெவோ) கல்லீரல் லெவார்ஃபனாலாக மாற்றும். அது மார்ஃபினைவிட வீரியமான வலிநிவாரணி, மூச்சையும் அடக்கும். 2012 இறுதியில் பாகிஸ்தானின் லாகூர், குஜ்ரன்வாலாவில் சிரப் குடித்தவர்கள் இறந்தபோதும், 2013-ல் பராகுவேயில் பலர் பாதிக்கப்பட்டபோதும் மூலப்பொருளில் சிக்கியது இந்த லெவோதான்.

மூலக்கூறின் எடையைப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், கலவையைப் பிரிக்கும் சாதாரண சி18 குழாய் (column) எதற்கும் இரண்டும் ஒன்றே. அதனால் முதலில், கரைசல் ஒளியின் தளத்தை எவ்வளவு சுழற்றுகிறது என்று அளக்கும் போலாரிமீட்டர்.

ஹைட்ரோபுரோமைடு மோனோஹைட்ரேட் 0.200 கிராமை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து 10 மி.லி. ஆக்குங்கள். 20 டிகிரி செல்சியஸில், சோடியம் விளக்கு ஒளியில் (589 நா.மீ.), 2 டெசிமீட்டர் குழாயில் அளவெடுங்கள். முதலில் வெறும் அமிலத்தை வைத்துப் பூஜ்யம் சரிசெய்யுங்கள். குழாயில் குமிழி இருந்தால் அளவு ஆடும். தூய சரக்குக்குச் சுமார் +1.10 டிகிரி காட்டும். அதை நீரற்ற எடைக்கு, மி.லி.க்கு 1 கிராம், 1 டெசிமீட்டர் என்ற அளவில் கணக்கிட்டால் (ஒப்புச் சுழற்சி) +29. ஏற்பு வரம்பு +28 முதல் +30.

இங்கே பலர் சறுக்குவது நீரில். மோனோஹைட்ரேட்டில் 4.9 சதவீதம் தண்ணீர். அதைக் கழிக்காவிட்டால் +27.6 வந்து, நல்ல சரக்கும் தோற்றுப்போகும்.

இதைவிட ஆபத்தானது, கெட்ட சரக்கு தேறிவிடுவது. ஒரு சதவீத லெவோ கலந்தால் சுழற்சி இரண்டு சதவீதம் குறையும்: 29 என்பது 28.4 ஆகும், வரம்புக்குள்ளேயே! சுமார் 1.7 சதவீதத்தைத் தாண்டினால்தான் தோற்கும். சரக்கு +30-ல் இருந்தால் 3 சதவீதம்கூடத் தப்பிவிடும். ஆகவே போலாரிமீட்டரில் தேறியதை மட்டும் நம்பிப் பேட்சை விடுவிக்காதீர்கள்.

அடுத்தது கைரல் எச்பிஎல்சி: ஆடிப்பிம்பங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஓர் உச்சியாகக் காட்டும் முறை. செல்லுலோஸ் அல்லது அமைலோஸ் வழித்தோன்றல் பூசிய குழாய், ஹெக்சேன்–ஐசோபுரோப்பனால் கரைப்பான், 0.1 சதவீத டைஎத்தில்அமீன். அமீன் இல்லாவிட்டால் உச்சிகள் வால் நீளும். லெவோ முன்னால் வெளிவரும் குழாயையே தேர்ந்தெடுங்கள். பின்னால் வந்தால் டெக்ஸ்ட்ரோவின் வாலுக்குள் ஒளிந்துவிடும். மி.லி.க்கு 1 மி.கி. டெக்ஸ்ட்ரோ கரைசலில் 1 மைக்ரோகிராம் லெவோ சேர்த்து ஓட்டி, அந்த 0.1 சதவீத உச்சி தனியாகத் தெரிகிறதா எனப் பார்த்த பிறகே மாதிரியை ஏற்றுங்கள். லெவோ தரநிலைப்பொருள் போதைப்பொருள் கட்டுப்பாட்டில் வருவது. உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுங்கள். பத்து டிரம்களைச் சமமாகக் கலந்து சோதித்தால், ஒரே டிரம்மில் இருக்கும் 1 சதவீதக் கலப்படம் 0.1 ஆகத் தேய்ந்துவிடும்.