பட்டம் கட்டுவதை நிறுத்தும்போது நேரும் தவறுகள்

‘தண்டம்’, ‘மக்கு’, ‘சிடுமூஞ்சி’ என்று தன்னையும் பிறரையும் சொல்லும் பழக்கத்தை விட முடிவெடுப்பவர்கள், முதல் மாதத்திலேயே ஒரே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். ஊர் முன்னால் திட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கெட்ட பட்டத்தை எடுத்துவிட்டு நல்ல பட்டம் கட்டுவது

பெரிய சேதம் இதில்தான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலும் இதில்தான்.

எட்டாம் வகுப்புப் பையன் கணக்கில் 31 வாங்கி வருகிறான். நேற்றுவரை ‘மக்கு’ என்ற அம்மா, இனி அப்படிச் சொல்லக் கூடாதென்று ‘நீ புத்திசாலிடா தங்கம்’ என்கிறார். அடுத்த பரீட்சையில் 28. விடைத்தாள் நாலாக மடிந்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போய்விடுகிறது. மக்கு 28 வாங்கினால் யாருக்கும் ஆச்சரியமில்லை. புத்திசாலி வாங்கினால் பட்டம் பறிபோகும். அதனால் ஒளிக்கிறான்.

உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுகளில் இதேதான் தெரிந்தது. புத்திசாலி என்று புகழப்பட்ட 5-ம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிர்களில் தடுமாறிய பிறகு பின்தங்கினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் முதல் கூட்டத்தில்தான் அதிகம்.

காரணம் நம் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது. வினைச்சொல் காலம் காட்டும், பெயர்ச்சொல் காட்டாது. ‘அவன் சோம்பேறி’ என்றால் எப்போது? நேற்றா, பிறந்ததிலிருந்தா? காலம் இல்லாததால் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. ‘புத்திசாலி’யும் பெயர்ச்சொல்தான்.

ஆகவே விடைத்தாளைப் பிரித்துப் பாருங்கள். மைனஸ் 7-ஐச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது பிளஸ் ஆக்கவில்லை. நாலு கணக்கில் இதே பிசகு. ‘நாலு இடத்துல குறி மாத்தல. இன்னிக்கு இதே மாதிரி அஞ்சு கணக்குப் போடுவோம்’ என்றால் போதும். அதில் திட்டும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. கைக்கு வேலை இருக்கிறது.

உங்களுக்கும் இதே வழிதான். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சொன்ன பட்டம், அதற்கு முன் நடந்தது, அடுத்துச் செய்வது. ‘நான் தண்டம்’ / ‘கரன்ட் பில்லை 2 நாள் தாமதமாகக் கட்டினேன்’ / ‘கடைசித் தேதிக்கு 5 நாள் முன்பு போனில் அலாரம்’. முதல் வாரம் முதல் பத்தியை மட்டும் நிரப்புங்கள். வாயில் வரும் பட்டத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பழகவே அவ்வளவு நாள் ஆகும். நடுப் பத்தியில் கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும் வரலாம். ‘அலட்சியமாக இருந்தேன்’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அது மாறுவேடத்தில் வந்த பட்டம்.

அந்தச் சொல்லை நினைக்கவே கூடாது என்று விரட்டுவது

விரட்ட விரட்டத் திரும்பி வரும். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வைத்த சோதனையில் கரடிதான் வந்துகொண்டே இருந்தது. வரட்டும், நோட்டில் எழுதுங்கள்.

‘சும்மா விளையாட்டுக்கு’

பிள்ளை சிரித்தாலும் பட்டத்தைச் சொல்லாதீர்கள்.

‘எப்பவும்’ என்பதை விட்டுவைப்பது

‘நீங்க எப்பவும் லேட்’ என்பதும் பட்டம்தான். ஒருநாள் சீக்கிரம் வந்ததைக் காட்டி அவர் உங்கள் வாயை அடைத்துவிடுவார். ‘இந்த வாரம் மூணு நாள் பத்து மணிக்கு மேல வந்தீங்க, கவுன்ட்டர்ல ஆள் இல்ல’ என்றால் மறுக்க வழியில்லை. பேச்சும் காரணத்துக்கு நகரும்.

பட்டத்தோடு எச்சரிக்கையையும் கைவிடுவது

நல்ல மனது உள்ளவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். மைத்துனரை ‘ஏமாத்துக்காரன்’ என்று சொல்வதை நிறுத்துவதற்கும் அவருக்கு மறுபடி கடன் கொடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ‘மார்ச்சில் வாங்கிய 5,000 இன்னும் வரவில்லை’ என்ற ஒரு வரியே முடிவெடுக்கப் போதும். அடிக்கிற கணவர் விஷயத்திலும் அப்படித்தான்: அவரை என்ன பெயரால் அழைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அடித்தார் என்பதே போதும், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். 181 பெண்கள் உதவி எண்.

‘நான் திருந்தவே மாட்டேன்’

இதையும் முதல் பத்தியில் எழுதுங்கள்.