கல்லூரி, டூட்டி, வீடு, கொஞ்சம் ஆரி வேலை: போஸ்ட் பேசிக் நர்சிங் படிப்பவருக்கு ஒரு வாரத் திட்டம்

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, சில வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, பி.எஸ்சி. பட்டத்துக்காகத் திரும்பக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கானது இந்தக் குறிப்பு. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இரண்டு வருட முழுநேரப் படிப்பு. வீட்டு வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் இரண்டு வருடம் காத்திருக்காது என்பதால், பலரும் கல்லூரி நேரம் போக ஏதாவது ஒரு மருத்துவமனையில் ஷிஃப்ட் கணக்கில் வேலை பார்க்கிறார்கள். அதை உடம்பும் படிப்பும் கெடாமல் செய்ய வழி இருக்கிறது.

அதற்கு முன் இரண்டு விஷயம். வேலை பார்ப்பதைக் கல்லூரி அனுமதிக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். ஹாஸ்டலில் தங்கினால் இரவு வெளியே போகவே முடியாது. அடுத்து, நான்கு வருட பி.எஸ்சி. படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால்: பதிவு எண் கைக்கு வரும் முன் எந்த நர்சிங் ஹோமிலும் நர்ஸாக டூட்டி பார்க்காதீர்கள். மருந்து மாறினால் உங்கள் பக்கம் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள். டியூஷன் எடுக்கலாம், மெடிக்கல் ஷாப்பில் பில் போடலாம்.

வாரத்தின் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். திங்கள் முதல் சனி வரை கல்லூரியும் கிளினிக்கலும் (வார்டுப் பயிற்சி) நாளுக்கு 8 மணி என்றால் 48. போக வர தினமும் ஒன்றரை மணி, ஆக 9. தூக்கம் நாளுக்கு 7 வீதம் 49. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது நாளுக்கு 2 வீதம் 14. இதுவரை 120 ஆகிவிட்டது. மீதி 48 மணி நேரத்தில்தான் சம்பளம், படிப்பு, வீடு, உங்கள் சொந்த நேரம் எல்லாம் அடங்க வேண்டும்.

சனி இரவு ஒரு நைட் டூட்டி 11 மணி நேரம். வார நாட்களில் இரண்டு மாலை, ஏதாவது கிளினிக்கில் 5 முதல் 9 வரை 8 மணி. இது 19. படிப்புக்கு 14, சமையலுக்கும் வீட்டுக்கும் 9, சொந்த விருப்பத்துக்கு 4 ஒதுக்கினால் மிஞ்சுவது 2. அந்த இரண்டு மணி நேரத்தைத் தொடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் ஸ்ட்ரைக், கேஸ் தீர்ந்தது எல்லாம் அதில்தான் போகும்.

இரண்டாவது நைட் வேண்டுமே என்று கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதன் இரவு 11 மணி நேரம் சேர்த்தால், அது எடுப்பது தூக்கத்திலிருந்து மட்டும்தான். கல்லூரி நடக்கும் வாரத்தில் ஒரு நைட்டுக்கு மேல் வேண்டாம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கூடுதல் பணம் கட்டாயம் தேவையென்றால் மாலை ஷிஃப்டைக் கூட்டுங்கள், இரவைக் கூட்டாதீர்கள்.

அட்டெண்டன்ஸ் எப்படிக் கரைகிறது

தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். 60 மணி நேரப் பாடம் ஒன்றில் 48 மணி வந்தே ஆக வேண்டும். கையில் இருப்பது 12 மணி. புதன் நைட்டும் எடுத்து, அது முடிந்து வரும் வியாழன்தோறும் முதல் இரண்டு மணி நேரம் போனால், ஆறே வாரத்தில் அந்த 12 மணியும் காலி. ஏழாவது வாரம் நிஜமாகவே டெங்கு வந்து படுத்தால் என்ன செய்வீர்கள்?

கிளினிக்கல் இன்னும் கறார். பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்ட நாட்களை விடுமுறையில் ஈடுகட்டச் சொல்வார்கள், அது பெரும்பாலும் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நாட்களாக இருக்கும். அதனால் லீவு எடுத்தே ஆக வேண்டும் என்றால் தியரி நாளில் எடுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாடவாரியாக விட்ட மணி நேரத்தைக் கோடு போட்டு எண்ணி வாருங்கள். ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சனி இரவு முதல் திங்கள் காலை வரை

வாரம் நன்றாகப் போகுமா என்பது இந்த 36 மணி நேரத்தில் முடிவாகிறது.

சனி மாலை 4:30 முதல் 6 வரை படுங்கள். ஒன்றரை மணி நேரம் என்பது தூக்கத்தின் ஏறக்குறைய ஒரு சுற்று. முடித்துவிட்டு எழுந்தால் தலை கனக்காது. முக்கால் மணி நேரத்தில் அலாரம் வைத்து எழுந்தால்தான் மந்தமாக இருக்கும். வயிறு நிறைய 7 மணிக்கே சாப்பிட்டுவிட்டு 8 மணி டூட்டிக்குப் போங்கள். நடு இரவில் பிரியாணி பொட்டலம் வேண்டாம். இரண்டு இட்லி, வாழைப்பழம், மோர் போதும்.

கடைசி காபி 1 மணிக்கு. காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 4 மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது குடித்த காபி, காலை 8:30க்கு நீங்கள் படுக்கும்போது பாதிக்கு மேல் உடம்பிலேயே நிற்கும். தூங்கியது போலவும் இருக்கும், தூங்காதது போலவும் இருக்கும்.

அதிகாலை 3 முதல் 5 வரை கவனம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளை இந்த நேரத்தில் தனியாக அளந்து எடுக்காதீர்கள். பக்கத்து வார்டு சிஸ்டரையாவது கூப்பிட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சிறிய மருத்துவமனையில் இதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. சிரிக்கட்டும்.

ஞாயிறு காலை ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லையே 30 மி.கி.தான். சனி மாலைத் தூக்கத்தை விட்டவர், சனி காலை 6 மணிக்கு எழுந்தவர் என்றால் ஞாயிறு 7 மணிக்கு 25 மணி நேரம் ஆகியிருக்கும். பஸ், ஆட்டோ, இல்லையென்றால் வீட்டிலிருந்து யாராவது வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் குளித்து, ஒரு தோசை சாப்பிட்டு, 8:30க்குப் படுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஃபேன் முழு வேகம். 12:30க்கு எழுந்துவிட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: உடம்பு கேட்கிறதே என்று மாலை 4 வரை தூங்கினால், ஞாயிறு இரவு 2 மணி வரை தூக்கம் வராது, திங்கள் முழுக்கக் கொட்டாவி, செவ்வாய்வரை இழுக்கும். எழுந்ததும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவு 9:30க்குத் திரும்பப் படுக்கை.

ரெக்கார்டு அன்றைக்கே

கேர் பிளானை (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை) ரெக்கார்டில் எழுதாமல் தள்ளிப் போடுவதால் போகும் நேரம் கொஞ்சநஞ்சமில்லை. கிளினிக்கல் முடியும் முன் 15 நிமிடம் கேஸ் ஷீட்டோடு உட்கார்ந்து இவற்றை மட்டும் குறித்துவிடுங்கள்: வயது, டயக்னாசிஸ், நோயாளி தன் வாயால் சொன்ன இரண்டு வாக்கியம், நீங்கள் கண்ணால் பார்த்தது, காலை மதியம் வைட்டல்ஸ் (பல்ஸ், டெம்பரேச்சர், பி.பி. போன்றவை), அன்றைய லேப் ரிப்போர்ட், மருந்துகள் அளவோடு. இது கையில் இருந்தால் வீட்டில் 40 நிமிடத்தில் எழுதி முடிக்கலாம். மூன்று நாள் தள்ளினால் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார், ஷீட் ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும். அப்போதுதான் எண்களைக் கற்பனையில் எழுதத் தோன்றும். செப்சிஸ் (உடம்பு முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்று) நோயாளிக்கு மூன்று நாளும் பல்ஸ் 72, டெம்பரேச்சர் 98.6 என்று எழுதியிருந்தால் டியூட்டருக்குப் பார்த்ததும் தெரியும். முழுதும் திரும்ப எழுத வேண்டும். நேரம் மிச்சமாகட்டும் என்று கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்க வேண்டாம். அது நோயாளியின் ரகசியம்.

டூட்டியையே படிப்பாக்கலாம். இது வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் லாபம். ஒவ்வொரு நைட்டிலும் படிப்பதற்கென்று மூன்று மருந்தைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, சிறுநீரை அதிகமாக்கும் ஃபுரோசமைடு. பொட்டாசியத்தைக் குறைக்கும், அதனால் லேப் ரிப்போர்ட்டில் அதைப் பார்க்க வேண்டும். இன்டேக் அவுட்புட் (உள்ளே போகும், வெளியேறும் நீரின் அளவு), பி.பி. குறிக்க வேண்டும், ரத்தக் குழாயில் வேகமாகப் போட்டால் காது பாதிக்கும், இரவெல்லாம் எழுந்து சிறுநீர் போக வேண்டாமே என்று மாத்திரையைக் காலையில் கொடுப்பார்கள். கையால் கொடுத்த மருந்தைப் பற்றிய நாலு வரி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மறக்காது. சொட்டுக் கணக்கும் அப்படித்தான்: 500 மி.லி. சலைன், 4 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 500 × 20 ÷ 240 = 41.67, நிமிடத்துக்கு 42 சொட்டு. ஒரு ஷிஃப்டில் மூன்று பாட்டிலுக்குப் போட்டுப் பார்த்தால் தனியாக உட்கார்ந்து பழக வேண்டியதில்லை.

பஸ் பயணத்தில் புத்தகம் விரிக்க இடம் இருக்காது. முந்தின இரவு பத்து கேள்வியை உங்கள் குரலிலேயே போனில் பதிந்து, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பத்து விநாடி இடைவெளி விட்டு வையுங்கள். அந்த இடைவெளியில் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்ப்பதுதான் படிப்பு. பதிலை மட்டும் கேட்டுக்கொண்டே போனால் பாட்டுக் கேட்ட மாதிரிதான்.

வீடு

டூட்டி லிஸ்ட் வந்த அன்றே ஃபிரிட்ஜ் கதவில் வாரத்தாள் ஒட்டுங்கள். கல்லூரிக்கு நீலம், டூட்டிக்குச் சிவப்பு, தூக்கத்துக்குப் பச்சை. தூக்கத்தையும் எழுதுவது முக்கியம். எழுதாத தூக்கம் வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரமாகத்தான் படும். மாமியாரிடம் சண்டை வந்த பிறகு சொல்வதைவிட முதல் வாரமே சொல்லிவிடலாம்: “அத்தை, ஞாயித்துக்கிழமை காலைல எட்டரைலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் எனக்கு ராத்திரி மாதிரி. யார் வந்தாலும் அப்புறம் பேசுறேன்னு சொல்லிடுங்க. சாயங்காலம் மாவு அரைக்கிறதிலேர்ந்து எல்லாம் நான் பாத்துக்கிறேன்.” எந்த நேரம் வேண்டாம் என்பதோடு எந்த நேரம் நீங்கள் வருவீர்கள் என்றும் சொன்னால் கேட்பவருக்கு மனத்தாங்கல் இருக்காது. கணவரிடம் பொதுவாக “ஹெல்ப் பண்ணுங்க” என்று சொன்னால் நடக்காது. திங்கள், புதன் டிபன் பாக்ஸ் உங்கள் பொறுப்பு என்று நாள் சொல்லிக் கொடுங்கள்.

ஞாயிறு எழுந்ததும் 4 கப் இட்லி அரிசி தனியாகவும், 1 கப் உளுந்து 1 ஸ்பூன் வெந்தயம் சேர்த்துத் தனியாகவும் ஊறப்போடுங்கள். மாலை 5 மணிக்கு அரைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் உப்புப் போட்டு வெளியே வைத்தால் திங்கள் காலைக்குப் பொங்கிவிடும். மறுபாதியை உப்பில்லாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்து, செவ்வாய் இரவு எடுத்து உப்புக் கலந்து வெளியே வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் புளிக்கவிட்டால் வியாழக்கிழமைக்கு ஊத்தப்பம் தவிர எதற்கும் ஆகாது. துவரம்பருப்பை மஞ்சளோடு வேகவைத்து மூன்று டப்பாவில் போட்டால் திங்கள், செவ்வாய், புதன் சாம்பாருக்கு ஆகும். பீன்ஸ், கேரட் நறுக்கி வைக்கலாம். கத்தரிக்காய், வாழைக்காய் கறுத்துவிடும்.

யூனிஃபார்ம் மூன்று செட் வேண்டும். இரண்டு இருந்தால் மழைக்காலத்தில் ஈரத்தோடு ஓட நேரும். வார்டுத் துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள், மாற்றிய பிறகே. அவற்றைத் தனி வாளியில் துவையுங்கள்.

உங்களுக்கென்று நான்கு மணி நேரம்

முதலில் பலியாவது இதுதான். படிப்பு முடியட்டும் என்று இரண்டு வருடம் ஒத்திப் போட்டவர்கள், இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே புத்தகத்தைப் பார்த்தாலே வெறுப்பாகிறது என்பார்கள். நான்கு மணி நேரத்தை ஒரே நாளில் தேடாமல் ஆறு நாள் அரை மணி, ஞாயிறு ஒரு மணி என்று பிரியுங்கள்.

பாதியில் விட்டுத் திரும்பத் தொடர முடிகிற வேலையாக இருக்க வேண்டும். ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் போடும் ஆரி எம்பிராய்டரி வேலை அதற்கு மிகவும் பொருத்தம். ஃபிரேமை ஸ்டாண்டில் மாட்டியபடியே மூலையில் நிறுத்தி மேலே பழைய துப்பட்டா போர்த்திவிடுங்கள். எழுந்திருக்கும் முன், நாளை போட வேண்டிய பூவின் ஓரத்தில் சாக் புள்ளி வைத்து, அதற்கான நூலை எடுத்து ஃபிரேமிலேயே சுற்றி வையுங்கள். மறுநாள் துப்பட்டாவை விலக்கியதும் கை தானாகத் தொடங்கிவிடும். நூலையும் ஊசியையும் தேடி டப்பாவைத் திறந்தால் பத்து நிமிடம் அதிலேயே போகும், பிறகு போனை எடுத்துவிடுவீர்கள். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: இந்த இரண்டு வருடம் ஆர்டர் வாங்காதீர்கள். கல்யாண ப்ளவுஸுக்குத் தேதி உண்டு, தேதி வந்துவிட்டால் அது மூன்றாவது வேலை.

செடி பிடிக்குமென்றால் நான்கைந்து பையில் முளைக்கீரை போதும். மாதத்துக்குள் பறிக்கலாம், ஒரு பை வாடினாலும் நஷ்டமில்லை.

தேர்வு மாதம்

அந்த மாதம் நைட் வேண்டாம். இதற்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே தயாராக வேண்டும்: ஒவ்வொரு மாதமும் ஷிஃப்ட் பணத்தில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தால், ஆறு மாதத்தில் ஒரு மாதச் சம்பளம் சேரும். டைம்டேபிள் வந்ததும் வார்டு இன்சார்ஜிடம் தேதிகளை எழுதிக் கொடுங்கள், லிஸ்ட் போடுவதற்கு முன்பே. லிஸ்ட் போட்ட பிறகு கேட்டால் வேறொருவர் உங்களுக்காக டூட்டி மாற்ற வேண்டி வரும், அதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் சரியாக உங்கள் அடுத்த இன்டர்னல் தேர்வன்று வந்து நிற்கும்.

தேர்வு முடிந்த அன்று இரவே டூட்டிக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு இரவு முழுதாகத் தூங்கிவிட்டு, மாலை ஷிஃப்டில் தொடங்கி, அடுத்த சனிக்கிழமை நைட்டுக்குப் போங்கள்.