வெடிக்காத உப்புச் சீடை: கோகுலாஷ்டமிக்கு முதல்முறை செய்பவர்களுக்கு

கல்யாணமாகி வந்த இரண்டாவது வருடம், கோகுலாஷ்டமிக்கு நானே தனியாகச் சீடை செய்தேன். முதல் ஈடு போட்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பட்டாசு போல ஒரு சத்தம். என்னவென்று பார்ப்பதற்குள் நாலைந்து சேர்ந்தாற்போல் வெடித்தன. எண்ணெய் சுவர் முழுக்கத் தெறித்தது. என் வலது முன்கையில் விழுந்தது கொப்புளமாகி ஆறப் பத்து நாள் ஆனது. அடுத்த மூன்று வருடம் கடையில் வாங்கிய சீடையைத்தான் கண்ணனுக்கு வைத்தேன். வைக்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை.

அப்புறம் ஒரு விடுமுறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மாவு இடிப்பதிலிருந்து எடுக்கும்வரை பார்த்துக் கற்றுக்கொண்டேன். எட்டு வருடமாக என் வாணலியில் ஒரு சீடைகூட வெடித்ததில்லை. பயந்துகொண்டு சீடையை விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேன்குழல், தட்டை எல்லாம் அச்சும் கையும் பழகினால் வந்துவிடும். சீடைக்குத்தான் காரணம் தெரிய வேண்டும்.

காரணம் இதுதான். சீடைக்குள் ஈரம் இருக்கிறது. எண்ணெயில் விழுந்ததும் அந்த ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஆவி வெளியே வர வழி இருந்தால் சடசடவென்று குமிழியாக வந்துவிடும். வழி அடைபட்டிருந்தால் சீடையைப் பிளந்துகொண்டு வரும். கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றும் இந்த வழியைத் திறந்து வைப்பதற்கும், உள்ளே ஈரம் ஒரே இடத்தில் தங்காமல் இருப்பதற்கும்தான்.

மாவு

மாவுப் பச்சரிசி இரண்டு கப் எடுத்து, கழுவி, ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம். அரிசியைக் கையில் அள்ளினால் ஒட்டக்கூடாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். இந்தப் பதத்தில் மிக்ஸியில் இரண்டு மூன்று தடவையாகப் போட்டு அரையுங்கள். மில்லில் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஒருமுறை கொடுத்தபோது எனக்கு முன்னால் அரைத்தவரின் கோதுமை கலந்து வந்துவிட்டது. இரண்டு கப் அரிசிக்கு மிக்ஸியே போதும்.

இப்போது சலிக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பண்டிகையே கெட்டுவிடும். நான் அந்த முதல் வருடம் கோதுமை மாவு சலிக்கும் சல்லடையில் ஒரே ஒரு தடவை சலித்தேன். அதன் கண் பெரியது. நொய் அப்படியே கீழே இறங்கிவிடும். மைதா சலிக்கும் கண் பொடியான சல்லடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வருடம் முழுக்க உதவும். சலித்ததில் மேலே நிற்கும் கப்பியை மறுபடி அரைத்துச் சலியுங்கள். கடைசியில் மிஞ்சுவதைச் சீடையில் சேர்க்காதீர்கள். அதை உப்புமாவிலோ கஞ்சியிலோ போடலாம்.

சலித்த மாவை அடி கனமான வாணலியில் சிறு தீயில் ஐந்து ஆறு நிமிடம் வறுக்க வேண்டும். நிறம் மாறக்கூடாது. விரலால் கொஞ்சம் எடுத்துக் கோலம் இழுத்தால் இழை அறுபடாமல் வர வேண்டும், அதுதான் பதம். ஆறியதும் மறுபடியும் சலியுங்கள். வறுக்கும்போது ஈர மாவு சின்னச் சின்னக் கட்டியாகத் திரண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கட்டிக்குள் ஈரம் ஒளிந்துகொள்ளும். என்னைப் பொறுத்தவரை சீடையில் தவறக்கூடாதது இந்த இரண்டாவது சலிப்புதான்.

உளுந்து கால் கப், வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, ஆறவைத்து, நைசாகப் பொடித்து, இதையும் அதே சல்லடையில் சலிக்க வேண்டும். உளுத்தம்மாவில் ஒரு குருணை இருந்தாலும் போதும், வெடிக்கும்.

பிசைவது

வறுத்துச் சலித்த அரிசி மாவு இரண்டு கப் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். உளுத்தம்மாவு இரண்டு டேபிள்ஸ்பூன். வெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், உருக்காமல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இளகியது. வெள்ளை எள் இரண்டு டீஸ்பூன், களைந்து மண் போக்கி உலர்த்தியது. துருவிய தேங்காய் இரண்டு டேபிள்ஸ்பூன். பெருங்காயத் தூள் அரை டீஸ்பூன்.

உப்பு ஒரு டீஸ்பூன். அதைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். கல் உப்போ தூள் உப்போ நேரே போட வேண்டாம். கரையாத உப்புத் துணுக்கு இருக்கும் இடத்திலும் சீடை வெடிக்கும் என்று அம்மா சொல்வாள். நான் அதை மீறிப் பார்த்ததில்லை. இன்னொன்று, நைவேத்தியத்துக்குச் செய்வது என்பதால் எங்கள் வீட்டில் பூஜை முடியும்வரை ருசி பார்க்க மாட்டோம். அதனால் உப்பைக் கண்ணளவில் போடாமல் ஸ்பூனால் அளப்பது நல்லது. அளவு ஒரு வருடம் சரியாக அமைந்துவிட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாவில் வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்துக் கலக்க வேண்டும். மாவைப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். பிறகு மற்றதைச் சேர்த்து, உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். போதாவிட்டால் சாதாரணத் தண்ணீர். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைய வேண்டாம். ஒன்று சேர்ந்தால் போதும்.

உருட்டுவது

நான் அடிபட்ட இடம் இதுதான். அந்த வருடம் உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தி அழுத்தி, கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று உருட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. மாமியார் செய்வது சொரசொரவென்று, மேலே கீறலும் வெடிப்புமாக இருக்கும். என் சீடைதான் நேர்த்தி என்று நினைத்தேன். ஆவி வெளியே வருவது அந்தக் கீறல் வழியாகத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வழவழப்பாக உருட்டும்போது எல்லா வழியையும் நானே அடைத்துவிட்டிருக்கிறேன்.

ஆக, நெல்லிக்காயில் பாதி அளவு மாவைக் கிள்ளி, விரல்களுக்கு நடுவே லேசாக இரண்டு சுற்று சுற்றித் துணியில் போட்டுவிடுங்கள். உருண்டையாக இல்லாமல் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே கீறல் விட்டிருந்தால் ரொம்ப நல்லது. முதல்முறை செய்பவர்கள் ஒவ்வொரு சீடையிலும் பல் குத்தும் குச்சியால் ஒரு குத்து குத்திவிடுங்கள். சிலர் இதைத் தேவையில்லாத வேலை என்பார்கள். சூடான எண்ணெய் விஷயத்தில் எனக்கு இரட்டைப் பாதுகாப்பு வேண்டும்.

குழந்தைகள் உருட்ட ஆசைப்பட்டால் உருட்டட்டும், பண்டிகை அவர்களுடையதும்தான். ஆனால் அவர்கள் களிமண் போல இறுக்கி உருட்டுவார்கள். அதைத் தனித்தட்டில் வாங்கிக்கொண்டு, நீங்கள் உதிர்த்து மறுபடி லேசாக உருட்டுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

உருட்டியவற்றைப் பழைய வேட்டித் துணியில் பதினைந்து, இருபது நிமிடம் உலரவிடுங்கள். துணி கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செய்தித்தாளில் போட வேண்டாம், மை ஒட்டும். அதிகநேரம் மின்விசிறிக்கு அடியில் வைத்துக் காயவிடவும் வேண்டாம். மேல்தோல் காய்ந்து உள்ளே மட்டும் ஈரம் நின்றால் மறுபடி அதே தொல்லைதான்.

பொரிப்பது

எனக்கு இருப்புச் சட்டியும் கடலை எண்ணெயும்தான். இருப்புச் சட்டியில் சூடு ஒரே சீராக நிற்கும். நான்ஸ்டிக்கில் சீடை பொரிக்காதீர்கள். எண்ணெய் சட்டியில் பாதிக்கு மேல் வேண்டாம். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அடியில் போய் நிதானமாக மேலே வர வேண்டும். உடனே துள்ளி வந்தால் சூடு அதிகம். அப்படிப்பட்ட எண்ணெயில் வெளியே ஓடு சட்டென்று கெட்டியாகிவிடும், உள்ளே இருக்கும் ஆவி மாட்டிக்கொள்ளும்.

முதலில் ஒரே ஒரு சீடை போடுங்கள். முழுதாக நான்கு நிமிடம் காத்திருங்கள், தள்ளி நின்று. போட்டவுடன் வெடிக்காததால் பிழைத்தோம் என்று நினைத்து அடுத்ததைப் போடக்கூடாது. எனக்கு வெடித்தது மூன்றாவது நிமிடத்தில்தான். ஒன்று வெடித்துவிட்டால் அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்ச மாவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மெல்லிய தட்டையாகத் தட்டி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் நாலைந்து குத்து குத்திப் பொரிக்கலாம். தட்டை வெடிப்பது அபூர்வம்.

சரி, ஒன்று நன்றாக வந்துவிட்டது. இப்போது ஒரு கை சீடையை ஜல்லிக்கரண்டியில் வைத்து எண்ணெயில் இறக்குங்கள். ஒரு நிமிடம் தொட வேண்டாம். பிறகு மெதுவாகக் கிளறி, நடுத்தரத் தீயில் ஆறு முதல் எட்டு நிமிடம். ருசி பார்க்க முடியாதே, வெந்ததா என்று எப்படித் தெரியும்? காதால்தான். எண்ணெயின் சடசடப்பு அடங்கும். கரண்டியால் கிளறினால் கூழாங்கல் மாதிரி கலகலவென்று சத்தம் கேட்கும். அப்போது எடுத்துவிடுங்கள். பொன்னிறத்துக்குக் கொஞ்சம் முன்பே எடுக்கலாம், வெளியே வந்தும் நிறம் ஏறும்.

நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். தேங்காய் போட்டது ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு காறல் வாடை வரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதானால் தேங்காய் இல்லாமல் செய்யுங்கள்.

வெல்லச் சீடை

இதைப் பலர் சேர்த்துச் செய்வார்கள். வெடிப்பது குறைவு, ஆனால் எண்ணெயில் பிரிந்து கரைந்து போகும். வெல்லம் அதிகமானால்தான் அப்படி ஆகும். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் வெல்லத்தைத் தாண்டாதீர்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் மாவில் ஊற்றிக் கிளறி, ஏலக்காய் போட்டு, ஆறியதும் உருட்டுங்கள். தீ மிகக் குறைவாக இருக்கட்டும். உள்ளே வேகாமல் வெளியே கறுத்துப்போவதும் இதில் உண்டு.

அன்றைய நாள்

சீடையை முதல் நாளே செய்து வைத்துவிடுங்கள். பண்டிகையன்று வேறு வேலை இருக்கிறது. அரிசியை ஊறவைத்து அரைத்த மாக்கோலக் கரைசலில் கை முஷ்டியின் பக்கவாட்டை நனைத்துத் தரையில் வைத்தால் குட்டிப் பாதம். அதற்கு மேல் ஐந்து விரலுக்கும் விரல் நுனியால் புள்ளி. இடது கையால் ஒரு பாதம், வலது கையால் ஒரு பாதம். வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும், உள்ளே வருகிற மாதிரி வைக்க வேண்டும். என் பெண் முதல்முறை வைத்தபோது எல்லாப் பாதமும் வெளியே போகிற மாதிரி வைத்துவிட்டாள். கண்ணன் கோபித்துக்கொண்டு போகிறான் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி எட்டு மணிக்குத் துடைத்து மறுபடி வைத்தோம்.

பட்சணத்தோடு அவல், வெண்ணெய், தயிர், பால், நாவல்பழம், விளாம்பழம் கிடைத்தால் அதுவும். எங்கள் வீட்டில் சுக்குப் பொடியும் வெல்லமும் கலந்து ஒரு உருண்டை வைப்போம். குழந்தை பிறந்த வீட்டில் தாய்க்குக் கொடுக்கும் மருந்து அது, தேவகிக்காக. எல்லாப் பட்சணமும் செய்ய முடியாவிட்டாலும் அவலும் வெண்ணெயும் வைத்தால் குறைவே இல்லை.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. காலண்டரில் கோகுலாஷ்டமி ஒரு நாளும், ஸ்ரீஜயந்தி வேறு நாளும் போட்டிருக்கும். அஷ்டமி திதியைப் பிரதானமாகக் கொள்கிறவர்கள் ஒரு நாளிலும், ரோகிணி நட்சத்திரத்தையும் சேர்த்துப் பார்க்கும் வைணவ வீடுகள் இன்னொரு நாளிலும் செய்வதால் வரும் வித்தியாசம். உங்கள் வீட்டு வழக்கத்தைப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டதைச் சேர்க்கிறேன். ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், மாவு இடிக்க வழியில்லை. கடையில் கிடைக்கும் வறுத்த இடியாப்ப மாவில் செய்யலாம், நானும் செய்து பார்த்தேன். மறுபடி வறுக்க வேண்டாம், ஆனால் பாக்கெட் மாவுதானே என்று சலிக்காமல் விடாதீர்கள். அது தண்ணீரை அதிகம் இழுக்கும், அதனால் பிசைந்து பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு உருட்டுங்கள்.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு சீடை வெடித்ததாம். பேசிப் பார்த்ததில், கடலைப்பருப்பை ஊறவைத்துப் போட்டிருக்கிறார். ஊறிய பருப்பைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். முதல் வருடம் பருப்பே இல்லாமல் செய்துவிடுங்கள், கை பழகியதும் சேர்க்கலாம்.