போர்ட்டிகோவில் ஓர் எஸ்டீம்: அளந்து பிரித்து, அளந்து பூட்டுதல்

வீட்டிலேயே வைத்துப் பிரித்துப் பூட்டுவதற்கு வேகமான கார் ஒன்றைச் சொல்லுங்கள் என்று யாராவது யோசனை கேட்டால், எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) இன்ஜினுடன் வந்த பிற்கால மாருதி எஸ்டீமைத்தான் நான் சொல்வேன். 1298 சி.சி., 16 வால்வு, 85 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் பெரிதாகத் தெரியாது; ஆனால் ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள உடலுக்கு அது தாராளம். மேலும், எஸ்டீமின் உற்பத்தி 2007-ல் நின்றுவிட்டாலும், அதிலிருந்த ஜி13பிபி இன்ஜின் 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் ஜிப்ஸி கிங்கிலும் இருந்ததால், பிஸ்டன், ரிங், பேரிங் போன்ற உள்பாகங்களுக்கு இன்னும் அதிகம் அலைய வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்ட் நம்பர் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். 'ஸ்விஃப்ட் சாமான் அப்படியே உட்காரும்' என்று கடைக்காரர் சொல்வது பாதி நேரம்தான் சரியாக இருக்கும்.

காரைப் பார்க்கப் போகும்போது முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கி, சேஸிஸ் எண்ணையும், பிளாக்கில் பொறித்துள்ள இன்ஜின் எண்ணையும் ஒரு கந்தல் துணியால் துடைத்துப் படித்து ஒப்பிட வேண்டும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், எண் மாறிய காரை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் சாலைக்குக் கொண்டுவர முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே, இங்கே நான் சொல்வது காரை அது தொழிற்சாலையிலிருந்து வந்த அளவுகளுக்குத் திரும்பக் கொண்டுவரும் வேலையைப் பற்றியது மட்டுமே. தேய்ந்துபோன 85 குதிரைத்திறன் கார், உண்மையில் எவ்வளவு இழந்திருக்கிறது என்பது அதைச் சரியாகக் கட்டி ஓட்டிய பிறகுதான் தெரியும்.

இன்ஜினைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் தகரத்தைப் பாருங்கள். இன்ஜின் கெட்டால் மாற்றலாம். உடல் துருப்பிடித்தால் செலவுக்கு எல்லையே இல்லை. எஸ்டீமில் ரன்னிங் போர்டு, பின்சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள தரை, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனை பூட்டப்படும் இடம் ஆகிய ஐந்தையும் தவறாமல் சோதிக்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை உடல் முழுக்க நகர்த்திப் பாருங்கள். அது ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ரன்னிங் போர்டைத் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். அரித்த தகரம் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் சத்தம் தரும். ஸ்ட்ரட் பூட்டும் இடம் அரித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். மற்ற இடங்களில், அரித்த பகுதியை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யும் டிங்கரைத் தேடிப் பிடிக்க வேண்டும். துருவின் மேலேயே தகரத்தை ஒட்டுபவர் அடுத்த மழைக்காலத்துக்குள் உங்களைத் திரும்ப வரவழைப்பார்.

இடத்தைப் பொறுத்தவரை, சமதளமான சிமென்ட் தரையும் மேலே கூரையும் இருந்தால் போதும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு ஒருபோதும் அடியில் போகக்கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் சொல்லாமல் உடையக்கூடியவை என்பதால் அவையும் ஆகாது. நல்ல இரும்பு ஸ்டாண்டுகள் நான்கை முதலில் வாங்குங்கள். இன்ஜினைத் தூக்க, போர்ட்டிகோ கூரையின் கொக்கியில் செயின் பிளாக்கை மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும்; அந்தக் கொக்கி ஊஞ்சலுக்காகப் போட்டது. ஒருநாள் வாடகைக்குக் கிரேன் கிடைக்கும். பேட்டரியைக் கழற்றி, டாங்கியில் உள்ள பழைய பெட்ரோலைத் திறந்தவெளியில் இறக்கிய பிறகே வேறு வேலையைத் தொடங்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் கம்ப்ரெஷன் அளவுகளை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை, எழுதுங்கள். இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், வழக்கமான சூட்டுக்கு வரும்வரை ஓடவிட்டு நிறுத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர், இக்னிஷன் இணைப்புகளைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் கம்ப்ரெஷன் மானியைப் பொருத்தி, ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய (ஸ்டார்ட்டரால் சுழற்ற) வேண்டும். நல்ல இன்ஜினில் மானி சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோவை ஒட்டி நிற்கும். 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கிடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேலை இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ, சிலிண்டரின் உட்துளையான போரிலோ. ஏறவில்லையென்றால் வால்விலோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட்டிலோ. இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் நேராக ஸ்பேனரைத் தூக்குபவர்கள், எதற்காகப் பிரித்தோம் என்பதே தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிச் செலவு செய்கிறார்கள்.

ஹெட்டைக் கழற்றும்போது போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. கழற்றும் ஒவ்வொரு வயரையும் குழாயையும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் பெயர் எழுதிப் போடுங்கள். வால்வுகளைப் பொறுத்தவரை, நான்கு குழியுள்ள பழைய இட்லித் தட்டுகள் நான்கைவிடச் சிறந்த கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை: சிலிண்டருக்கு ஒரு தட்டு, வால்வுக்கு ஒரு குழி. அவை மீண்டும் சமையலறைக்குத் திரும்பாது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இனி அளவெடுத்தல், இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஹெட்டின் அடிமுகத்தில் நேர்விளிம்புள்ள ஸ்டீல் பட்டையை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, இடையில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஹெட்டைச் சமப்படுத்தக் கொடுக்க வேண்டும். சிலிண்டரின் விட்டம் புதிதில் 74 மி.மீ. அதை மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு இணையாகவும் குறுக்காகவும் போர் டயல் கேஜால் அளந்தால் ஒரு சிலிண்டருக்கு ஆறு எண்கள் கிடைக்கும். அந்த ஆறுக்கும் இடையே 0.10 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் ரீபோர் தேவை, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்; பட்டறையில் இதை 'அடிப்பது' என்பார்கள். இல்லையென்றால் ஹோனிங் (கல்லால் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்து புது ரிங் போட்டாலே போதும்.

இந்த இடத்தில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். 0.50 மி.மீ. கூடுதல் அளவுள்ள பிஸ்டன்கள் வந்து சேர நாளாகும் என்று, பிளாக்கை மட்டும் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் பிஸ்டனைப் பார்க்காமலேயே, வழக்கமாக அடிக்கும் அளவுக்கு அடித்து, பளபளவென்று துடைத்துக் கொடுத்தார்கள். பிஸ்டன்கள் வந்த பிறகு, பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டின் அடிவிளிம்புக்குச் சற்று மேலே, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரை வைத்து அளந்தால், மூன்றாவது சிலிண்டரில் இடைவெளி 0.08 மி.மீ. வந்தது. இருக்க வேண்டியதோ 0.02 முதல் 0.04 வரை. அதற்கு மேல் பெரிய பிஸ்டன் கிடையாது என்பதால், ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உறை) இறக்கி மீண்டும் அடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே பிஸ்டன்கள் கையில் வரும்வரை பிளாக்கைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது நான்கு பிஸ்டன்களையும் எண் எழுதிச் சேர்த்தே கொடுத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனுக்கு ஒத்து அடிக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே அளந்து பாருங்கள். நல்ல லேத்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹோனிங் முடிந்து வந்த சிலிண்டரைப் பெட்ரோலால் துடைப்பது போதாது. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரும் பிரஷும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத வரை கழுவி, உடனே உலர்த்தி ஆயில் தடவ வேண்டும். கல்லின் பொடி சிறிது தங்கினாலும் புது ரிங்குகளை அதுவே தின்றுவிடும். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் தனியாக வைத்து வாய் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுங்கள். பேரிங்குகளுக்கு, நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து முறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பாருங்கள். டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்தக் கட்டத்துக்கு மேல் போக வேண்டாம். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள் ஆகியவற்றைப் பழையது நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் புதிதாகவே போடுங்கள். பெல்ட்டைப் பூட்டிய பின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்றுச் சுற்றி, குறிகள் நேராக வந்து நிற்பதைப் பார்த்த பிறகே மூட வேண்டும்.

பிரேக், சஸ்பென்ஷன் வேலை எளிது, ஆனால் தள்ளிப்போடக்கூடாது. ரப்பர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் எல்லாம் வயதாலேயே கெட்டுப்போயிருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம். முன்னும் பின்னும் ஸ்ட்ரட் அமைப்பு என்பதால், ஷாக் அப்சார்பர்களை ஜோடியாக மாற்றி, காரைச் சக்கரத்தில் நிறுத்திய பிறகே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்குங்கள். தூக்கி வைத்த நிலையில் முறுக்கினால் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பெயின்ட் கடைசி வேலை.

முதன்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், பிளக்குகள் இல்லாமல் ஆயில் விளக்கு அணையும்வரை கிராங்க் செய்யுங்கள். ஓடத் தொடங்கியதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கூலன்ட்டிலுள்ள காற்றை வெளியேற்றி, கசிவுகளைப் பாருங்கள். முதல் 500 கி.மீ. வரை ஒரே வேகத்தில் ஓட்டாமல், உயர் ஆர்.பி.எம். போகாமல், ஏற்ற இறக்கத்துடன் ஓட்ட வேண்டும். பிறகு ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கி, அடியில் தங்கியதைக் காந்தத்தால் துழாவிப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு, கையில் நெருடும் துகள் என்றால் மறுபடி திறக்க வேண்டும். அன்றே கம்ப்ரெஷனை மீண்டும் எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் பழைய நான்கு எண்களுக்கு நேர் கீழே புதிய நான்கு எண்களை எழுதிவிடுங்கள்.