கரும்புக்கு அடியில் மண்கோட்டை: கலப்பை படாமல் காக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் ஸ்டாங்கர், டார்னல் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்குத் துகேலா ஆற்றின் தென்கரையில் உள்ள பியர்சன் கோட்டையைத் தெரிந்திருக்கும். 1879 ஜூலுப் போருக்காகப் பிரிட்டிஷார் போட்டது. அகழி வெட்டிய மண்ணையே உட்புறம் மேடாகக் கொட்டினால் அதுதான் மதில். ரோமானியரும் ஸ்காட்லாந்தில் கி.பி. 142 வாக்கில் தொடங்கிய அந்தோனைன் எல்லைச் சுவரைக் கல் அடித்தளத்தின் மேல் புல்கட்டிகளை அடுக்கித்தான் எழுப்பினார்கள். இவற்றில் மண்ணடுக்குகளின் வரிசையே கோட்டை, கலைந்தால் போனதுதான்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மழையில்லாத மாதங்களில் தூர்ந்த அகழியில் ஈரம் தங்கும். அந்தப் பட்டையில் மட்டும் கரும்பு பசேலென்று நிற்கும். பிரிட்டனில் ரோமானியக் கோட்டைகள் பலவற்றை விமானத்திலிருந்து கண்டதும் இதே அடையாளத்தால்தான். வெட்டு முடிந்த வயலில் இளங்காலை வெயிலில் மேட்டின் நிழல் நீளமாக விழும். அகழிக்குப் பத்து மீட்டர் வெளியே எல்லைக் கம்பு நடுங்கள்.

பெரிய சேதம் மறுநடவில்தான். ஆழ உழும் ரிப்பர் கலப்பையின் கொழு அரை மீட்டர் இறங்கி, அகழியின் அடிவண்டலை மேலே கொண்டுவந்துவிடும். எங்களைக் கேட்டால் மதில்மேல் கரும்பே வேண்டாம், புல் விடுங்கள். கரும்பைக் கைவிட மனமில்லையென்றால் பழைய கரும்புக் கட்டையைப் பெயர்க்காமல், தளிர் வந்ததும் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்துக் கொன்று, பழைய வரிசைகளுக்கு நடுவே ஆழமில்லாத சால் மட்டும் கீறுங்கள். இதுவரை உழுத ஆழத்தைத் தாண்டவே கூடாது.

உண்ணிச்செடி, யூக்கலிப்டஸ் முளைத்தால் பிடுங்காதீர்கள். வேரோடு மதிலும் வரும். தரைமட்டத்தில் வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, அடிக்கட்டையை அப்படியே மக்க விடுங்கள். மழைக்காலத்தில் டிரெய்லர் அந்தப் பக்கம் போகவே கூடாது. தடம் விழுந்துவிட்டால் நீர் வடியும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மேலே 30 செ.மீ. வெளிமண் போடலாம், துணிதான் பழைய மண்ணுக்கும் புதியதற்கும் எல்லை. பிளாஸ்டிக் விரித்தால் நீர் வடியாது. இதற்கும் முன்கூட்டியே மாகாணத்தின் மரபுச் சின்னங்களைக் காக்கும் அமாஃபா நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் மரபுவளச் சட்டப்படி 75 ஆண்டு கடந்த போர்ச் சின்னங்கள் தொல்பொருள். அனுமதியின்றித் தோண்டுவது மட்டுமல்ல, அங்கே மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோவதே குற்றம். எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்திப் போலீசுக்கும் அமாஃபாவுக்கும் சொல்லுங்கள்.

தோட்டா உறை கிடைத்தால் துடைக்காதீர்கள். அக்காலப் பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கித் தோட்டா உறை, பித்தளைத் தகட்டைக் காகிதம்போலச் சுருட்டிச் செய்தது, அடித்தட்டு இரும்பு. தேய்த்தால் தகடு உதிர்ந்து, துருவட்டம் மட்டும் கையில் நிற்கும். கிடந்தபடியே பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஜிபிஎஸ் எண்ணோடு அமாஃபாவுக்கு அனுப்புங்கள்.