பழைய வண்டி விளக்கு: எண்ணெயா, கார்பைடா, மின்சாரமா?

பழைய சைக்கிள் விளக்கோ கார் விளக்கோ கையில் கிடைத்தால், உடனே பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அடையாளம் எல்லாம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது.

முதலில் தலைப்பகுதியைப் பாருங்கள். புகைபோக்கியோ காற்றுத் துளைகளோ இருந்தால் உள்ளே ஒரு காலத்தில் நெருப்பு எரிந்திருக்கிறது. இப்போது பல்பு மாட்டியிருந்தாலும் ஏமாற வேண்டாம், அது பின்னால் செய்த மாற்றம்.

அடுத்து அடிப்பகுதி. ஒரே ஒரு கிண்ணம், திரியை ஏற்றி இறக்கச் சிறு திருகு, உள்ளே கரி படிந்திருக்கிறதா? அது எண்ணெய் விளக்கு.

மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பாத்திரங்கள் இருந்தால் கார்பைடு விளக்கு. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். மேல் பாத்திரத்துத் தண்ணீர், ஊசித் திருகு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள கார்பைடு கல்லில் விழும். மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறார்களே, அதே கல்தான். அதிலிருந்து கிளம்பும் அசிட்டிலின் வாயு பர்னரில் வெள்ளை வெளேரென்று எரியும். பர்னர் பெரும்பாலும் கவட்டை வடிவில் இருக்கும். இரு துளைகளின் வாயுவும் மோதி, சுடர் விசிறிபோலத் தட்டையாக விரியும். கீழ்ப் பாத்திரத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பது மிச்சமான சுண்ணாம்பு. இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கார் விளக்கில் பாத்திரமே இல்லாமல் பின்னால் ஒரு குழாய் முனை மட்டும் இருக்கலாம். பாகம் தொலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வாயு ரப்பர் குழாய் வழியாக வெளியிலிருந்து வந்தது. 1904இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் தொடங்கிய பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனம் அதை உருளையில் அடைத்தே விற்றது.

அப்புறம் மின்சாரம். ஃபோர்டு மாடல் டி காரில் 1915 வாக்கில் முன்விளக்கு மின்சாரத்துக்கு மாறியது. என்ஜினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோ கொடுத்த மின்சாரம் என்பதால் வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். பக்க விளக்குகளில் அப்போதும் மண்ணெண்ணெய்தான். அதனால் ஒரே காரில் இரண்டு வகை இருந்தால் குழம்ப வேண்டாம்.

பெயரைக் கடைசியில் படித்தால் போதும். ‘கிங் ஆஃப் தி ரோடு’ என்றிருந்தால் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த லூகாஸ் நிறுவனம் செய்தது.

கார்பைடு விளக்கைத் திறப்பதென்றால் வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் திறங்கள். உள்ளே சாம்பல் நிறக் கட்டி மிச்சமிருந்தால் ஈரக் கையால் தொடாதீர்கள்.