பக்கவாதத்துக்குப் பிறகு மறுவாழ்வுத் திட்டம்: நான் போடும் முறை

நான் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு தையல்காரர் என்னிடம் வந்தார். ஆறு வாரம் விடாமல் பயிற்சி கொடுத்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அசைவு எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் ஃபியூகல்-மேயர் அளவுகோலில் கைக்கு மொத்தம் 66 புள்ளி. அவருடையது 31-லிருந்து 44-க்கு ஏறியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் அவர் மனைவியிடம், "வீட்டில் எப்படி?" என்றேன். "அந்தக் கை மடியிலேயேதாங்க கிடக்குது. எல்லாத்துக்கும் இடது கைதான்."

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் கண்டது இதைத்தான். உணர்வு நரம்பு துண்டிக்கப்பட்ட கையை அசைக்க வழி இருந்தும், பலமுறை முயன்று தோற்றபின் குரங்கு அதை மறந்தே விடுகிறது. நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கைக்கே வேலை கொடுக்கும் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேருக்கு அதைச் சோதித்தார்கள். இரண்டு வாரப் பயிற்சியில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நீட்ட முடிந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். எல்லோருக்கும் உறை மாட்டக் கூடாது.

தையல்காரர் மனைவியின் அந்தப் பதிலுக்கு அப்புறம் நான் சிகிச்சை தொடங்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன். தண்ணீரைப் புரையேறாமல் விழுங்குகிறாரா என்று யாராவது சோதித்துவிட்டார்களா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்கிறேன். பிறகு கைகாலைத் தொடாமல் உட்கார்ந்து, "நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறேன். பேச்சு போனவர் என்றால் படங்களைக் காட்டி, ஆம்-இல்லை என்று தலையசைக்கச் சொல்லிக் கேட்கலாம். குடும்பத்தாரிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். தையல்காரரிடம் தாமதமாகத்தான் இதைக் கேட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை, பகலில் யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று படித்திருந்தேன். ஆனால் அவர் பயிற்சியில் சுணங்கியபோது சோம்பல் என்று குறித்து வைத்தவனும் நான்தான்.

அடுத்தது ஒரே ஒரு தாள். நோக்கத்தை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "பொத்தான் தைக்கணும்" என்றார், அப்படியே எழுதினேன். 1968-இல் கிரெசுக்கும் ஷெர்மனும் கொண்டுவந்த இலக்கு அளவுகோலில் -2 முதல் +2 வரை படிகள் உண்டு; 0 என்பது நாம் எதிர்பார்க்கும் இலக்கு. அவருடைய -2: வலது கையால் துணியைப் பிடிக்கவே முடியவில்லை. 0: வலது கையால் துணியை அழுத்திப் பிடித்து, இடது கையால் ஒரு பொத்தான் தைப்பது. +2: ஊசியே வலது கையில். அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளர், இரவு நர்ஸ் எல்லோருடைய வேலையும் அந்தத் தாளிலிருந்துதான் கிளம்பும். வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் அதை நடுவில் வைத்துப் பேசுவோம். 'ஹோலிஸ்டிக்', அதாவது முழு மனிதரையும் பார்க்கும் சிகிச்சை என்றதும் வாசனை எண்ணெய், மெல்லிசை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது இந்தத் தாள்தான்.

பயிற்சியை அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக் கொடுங்கள். சீக்கிரம் தொடங்கினால், நிறையக் கொடுத்தால் நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். 2,104 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வில், பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்திலேயே எழுப்பி அடிக்கடி நடமாட வைத்த குழுவுக்கு மூன்று மாதத்தில் முடிவு சற்று மோசமாகவே வந்தது. வீட்டாருக்கு நான் சொல்வது இரண்டுதான்: தூக்கும்போது அக்குளிலோ கையைப் பிடித்தோ இழுக்காதீர்கள், அவர் பேச வாயெடுத்தால், நீங்கள் முடித்து வைக்காமல் காத்திருங்கள்.

இதை ஆய்வாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. அந்த 31-44 ஏற்றத்தில் என் பங்கு எவ்வளவு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. முதல் சில மாதங்களில் மூளை தானாகவே கொஞ்சம் தேறும். அதனால் முன்னொரு அளவு, பின்னொரு அளவு என்று எடுத்துவிட்டு வெற்றி என்று எழுதாதீர்கள். ஒரே பேஷன்டாக இருந்தாலும் சிகிச்சைக்கு முன்பே ஐந்து முறையாவது அளந்து, அவர் தானாக ஏறிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். கிளினிக் மதிப்பெண்ணோடு வீட்டுப் பயன்பாட்டையும் அளக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி போதும். பல சிகிச்சைகளைச் சேர்த்துக் கொடுத்தால் எதை, யார், எத்தனை நிமிடம், எங்கே என்று எழுதி வையுங்கள். 2014-இல் வந்த டைடியர் பட்டியலில் இதற்கென்றே 12 கேள்விகள் உள்ளன. அவை இல்லாத கட்டுரையை வைத்துக்கொண்டு இன்னொருவரால் அதே சிகிச்சையைக் கொடுக்க முடியாது.

தையல்காரர் 0-வைத் தொட்டார், +2-க்குப் போகவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதம் கழித்து அவர் மனைவிக்குப் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டேன். "துணியை அந்தக் கையாலதான் அமுக்கிப் பிடிக்கிறார், பொத்தான்தான் கொஞ்சம் கோணல்" என்றார்.